அம்மாவின் நெகட்டிவில் மாமா வைத்த பென்சில்: துடைக்கலாமா?

கணவாய்க்காற்று | ஞாயிறு இரவு 9.40

எங்கள் வீடு கேரளத்தில், சித்தூர் தாலுகா கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே போட்டோ ஸ்டூடியோ நடத்தினார். போன தை மாதம் தவறிவிட்டார். கடையைக் காலி செய்தபோது நெகட்டிவ் பெட்டிகள் ஏழு என்னிடம் வந்தன. குடும்பத்தில் படம் வரைகிறவள் நான் ஒருத்திதான், அதனால்.

ஒரு உறையின் மேல் அம்மா பெயர், 1974 என்று வருஷம். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப எடுத்த படம். அதன் பிரிண்ட் எங்கள் கூடத்தில் நான் பிறந்ததிலிருந்து தொங்குகிறது. அந்தப் படத்தில் அம்மா நல்ல வெளுப்பு. நேரில் அம்மா கறுப்பு. நானும் கறுப்பு. சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்து, அம்மா முதலில் வெள்ளையாக இருந்தவள், என்னைப் பெற்ற பிறகுதான் கறுத்துப்போனாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பல வருஷம் அதை நம்பியிருந்தேன். அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கிறேன்.

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்தபோது முகம் மட்டும் மினுங்கியது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நெற்றி, கன்னம், மூக்குத்தண்டு, தாடை, எல்லா இடத்திலும் பொடிப்பொடியாய்ப் பென்சில் கோடுகள். நெகட்டிவில் எது கறுப்போ அதுதானே பிரிண்டில் வெளுப்பு. அம்மாவை வெளுக்க மாமா கறுப்புப் பென்சிலை எடுத்திருக்கிறார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே உயர்நிலைப் பள்ளியில் என்னைப் "பாண்டி" என்றுதான் கூப்பிட்டார்கள். தமிழ் பேசினால் பாண்டி, கறுப்பாக இருந்தால் பாண்டி, தலையில் எண்ணெய் வழிந்தால் பாண்டி. மூன்றும் என்னிடம் இருந்தன. ஓவிய வகுப்பில் "தோல் நிறம்" என்று ஒரு கிரேயான் இருக்கும், இளஞ்சிவப்பில். அதைத்தான் நான் அம்மாவுக்கும் எனக்கும் தீட்டினேன். பழுப்பு கிரேயான் மரத்துக்கு மட்டும். அந்தக் கை என்னுடையதுதான், யாரும் பிடித்து வரைய வைக்கவில்லை.

இப்போது கேள்வி. டர்பன்டைன் பஞ்சால் துடைத்தால் பென்சில் போய்விடும் என்கிறார்கள். துடைத்துவிட்டு அம்மாவின் நிஜ முகத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று நினைக்கிறேன். செய்யலாமா?

டார்க்ரூம் பழசு | ஞாயிறு இரவு 11.05

அம்மா, அவசரப்பட்டுத் துடைத்துவிடாதே. நான் 1960-களின் கடைசியில் கோயம்புத்தூரில் இந்தத் தொழில் கற்றவன். நீ பார்த்ததற்கு எங்கள் கடைகளில் "டச்சிங்" என்று பெயர். முறையைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்.

ஃபிலிமின் மருந்துப் பக்கத்தில், அதாவது படம் பதிகிற பூச்சு உள்ள பக்கத்தில், பென்சில் நேராகப் பிடிக்காது. அதற்கு டர்பன்டைனில் பிசின் கரைத்த ஒரு வார்னிஷ் தடவிக் காய வைப்போம். அடியில் கண்ணாடி வைத்த சாய்வு மேஜை இருக்கும். வெளிச்சம் கீழிருந்து வரும். கெட்டியான பென்சிலை உப்புத்தாளில் ஊசி மாதிரி தீட்டி, கமா போட்டதுபோலச் சின்னச் சின்னதாய் வைத்துக்கொண்டு போக வேண்டும். அழுத்தினால் பிரிண்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்துவிடும். ஒரு முகத்துக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும். அகலமான இடம் என்றால் பின்பக்கம் சிவப்புச் சாயம் பூசுவோம். கறுக்க வேண்டிய இடத்தைக் கத்தியால் சுரண்டுவோம், கருவிழி, புருவம் இந்த மாதிரி. வெளுக்கப் பென்சில், கறுக்கக் கத்தி. என் குரு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்.

சுருக்கம், பரு, அம்மைத் தழும்பு எடுக்கத்தான் இந்த வித்தை வந்தது. நம் பக்கம் வந்த வாடிக்கையாளர் கேட்டது வேறு. "கொஞ்சம் கலரா வரட்டும்" என்பார்கள். "கலர்" என்றால் வெளுப்பு. கறுப்பு எங்கள் ஊரில் கலரே இல்லை.

வார்னிஷோடு சேர்த்துத் துடைத்தால் அது திரும்பி வராது. பழைய ஃபிலிம் என்றால் மருந்தும் உரிந்து வரலாம். முதலில் மேல்மூடியில் விளக்கு உள்ள ஸ்கேனரில் நல்ல அளவில் எடுத்து வை.

இன்னொன்று. அந்தப் பிரிண்டில் பொட்டு எப்படித் தெரிகிறது? உதடு?

கணவாய்க்காற்று | திங்கள் காலை 6.15

ஐயா, பொட்டு மை வைத்த மாதிரி கன்னங்கரேலென்று இருக்கிறது. அம்மா வைத்தது சிவப்புக் குங்குமம்தான் என்கிறாள். உதடும் கறுப்பு.

டார்க்ரூம் பழசு | திங்கள் காலை 7.30

நினைத்தேன். அப்படியென்றால் ஆர்த்தோ ஃபிலிமாக இருக்கும். அந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே கழுவ முடிந்தது, சின்னக் கடைகளுக்கு அது வசதி. சிவப்பு தெரியாத ஃபிலிமில் நம் தோல் எப்படி விழும்? நம் தோலில் மின்னுவதே சிவப்பும் மஞ்சளும்தான். இருப்பதைவிட இன்னும் கறுத்துத்தான் விழும்.

அதனால் பென்சிலைத் துடைத்தால் உன் அம்மாவின் நிஜ முகம் வரும் என்று நினைக்காதே. அண்ணன் பார்த்த தங்கை அதில் இல்லை. ஃபிலிம் அவளை ஒரு பக்கம் இழுத்தது, அண்ணன் இன்னொரு பக்கம் இழுத்தார். எவ்வளவு தூரம் இழுத்தார் என்பதில்தான் பேச்சு.

வாளையார் தாண்டி | திங்கள் காலை 10.20

படித்ததும் மனசு கனத்தது. ஆனால் ஒரு கேள்வி. இதைப் படிக்கிறவர்களுக்கு நிறவெறி, இனவெறி என்றெல்லாம் பெயர் வைக்கத் தோன்றும். அது சரியா? கல்யாணம் நடக்க வேண்டும் என்று ஒரு அண்ணன் செய்த வேலை. இனவெறி என்பது வெளிநாட்டுப் பிரச்சினை. நம் பிரச்சினை சாதி. அம்பேத்கரே 1936 உரையில் சாதி என்பது இனப்பிரிவு அல்ல என்று வாதாடியிருக்கிறார். இரண்டையும் குழப்பினால் சாதி தப்பித்துக்கொள்ளும்.

ட்ராயிங் மாஸ்டர் | திங்கள் மதியம் 1.45

வாளையார் தம்பி சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். சாதி இனம் அல்ல. ஆனால் நூறு வருஷத்துக்கு மேலாகச் சாதியை இனமாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் கையில் கேமராவும் இருந்தது. 1901 கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி மூக்கை அளந்து மக்களை வரிசைப்படுத்தினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலும் கேமராவுமாகத் தென்னிந்தியா முழுக்க மக்களை அளந்தார். அவரும் ரங்காச்சாரியும் சேர்த்துத் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. நம் ஊர் முகங்களைக் கேமரா முதலில் பார்த்த விதங்களில் இதுவும் ஒன்று. அந்த மக்கள் தங்கள் படத்தைக் கேட்டு வாங்கவில்லை, பென்சில் வைக்கச் சொல்லவும் அவர்களுக்கு வழியில்லை.

அதற்கு முன்பே நம்மிடம் நிறக் கணக்கு இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கதகளியில் பச்சை உயர்ந்தோருக்கு. கரி வேஷம் காட்டு வேடனுக்கும் அரக்கிக்கும். கேரளச் சுவரோவியத்தில் சாத்விகம் என்கிற உயர்ந்த குணத்துக்குப் பச்சை, தாமசம் என்கிற தாழ்ந்த குணத்துக்குக் கறுப்போ வெள்ளையோ. வெள்ளையும் அங்கே தாழ்ந்த இடத்தில் நின்றிருக்கிறது, கவனியுங்கள். அதனால் "வெள்ளை மேல், கறுப்பு கீழ்" என்ற ஒற்றை ஏணி எப்போதும் இருந்தது என்றும் சொல்ல முடியாது. கிளிமானூர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு அனுப்பிய பிறகு சாமியின் தோலுக்கு ஒரு நிறம் நிலைத்துவிட்டது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "அம்மன் வரை" என்றால் எந்தப் பிள்ளையும் கறுப்பை எடுத்ததில்லை. காளிக்குக்கூட நீலம்தான் எடுக்கும்.

மூணாறு லயம் | திங்கள் இரவு 8.10

வாளையார் அண்ணா, உங்களுக்கு மரியாதையாகவே சொல்கிறேன். தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன் நான். என் பாட்டியும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். தமிழ், கறுப்பு, தாழ்ந்த சாதி, கூலி, இந்த நான்கையும் பிரித்துப் பிரித்து எங்களை யாரும் திட்டவில்லை. பாண்டி என்ற ஒரு சொல்லில் நான்கும் வந்துவிடும். திட்டுகிறவன் பிரிக்காததை நான் எப்படிப் பிரித்துக் கணக்கு எழுதுவது?

2015 செப்டம்பரில் தோட்டத்துப் பெண்களின் பெம்பிளை ஒருமை போராட்டம் நடந்தபோது மூணாறு சாலையில் உட்கார்ந்திருந்த எங்கள் அம்மாமார்களின் முகம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. யாரும் டச்சிங் செய்யாத முகங்கள். அதைப் பார்த்துத்தான் நான் வரைய ஆரம்பித்தேன். வாங்கிய பெட்டியில் பாட்டியின் நிறம் இல்லை. தேயிலையைக் கொதிக்க வைத்து அந்தச் சாயத்தில் வரைந்தேன். ஒரு தடவை பூசினால் வெளிறிய மஞ்சள். காயவிட்டு மேலே மேலே பூச வேண்டும். எட்டாவது பூச்சில் கன்னம் வந்தது, பன்னிரண்டில் கழுத்து. பாட்டியின் நிறத்துக்குப் போய்ச்சேர எனக்கு நான்கு நாள் பிடித்தது. அந்த நான்கு நாளும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

அக்கா, துடைக்காதீர்கள். மாமா வைத்ததும் நேரம்தானே.

வாளையார் தாண்டி | திங்கள் இரவு 9.30

தம்பி, நான் சொன்ன விதம் தப்பு. பிரிக்க வேண்டியது ஆராய்ச்சி செய்கிறவன் வேலை, பட்டவன் வேலை இல்லை. ஒத்துக்கொள்கிறேன். சாதியை மறக்கக் கூடாது என்பதில் மட்டும் நிற்கிறேன்.

நெய்தல் வாசகி | செவ்வாய் காலை 8.00

ஒரு சின்னக் குறிப்பு. சங்கப் பாட்டில் பெண்ணின் அழகு "மாமை". மாந்தளிரின் கருமை கலந்த நிறம். வெளிறினால் அது பசலை, நோய். குறுந்தொகை 27-இல் வெள்ளிவீதியார் தன் மாமைக் கவினைப் பசலை தின்கிறதே என்றுதான் அழுகிறார். மாயோன் என்றால் கறுத்தவன். "கருப்பே அழகு, காந்தலே ருசி" என்று இன்றும் சொல்கிறோம். நம் வேரில் இந்த நோய் இல்லை.

கணவாய்க்காற்று | செவ்வாய் காலை 8.50

நன்றி அக்கா. மாமை என்ற சொல் எனக்குப் பிடித்த சொல். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "கருப்பே அழகு" என்பதை என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். சிவந்த பிள்ளையிடம் யாரும் பழமொழி சொல்வதில்லை. அதே வாயால் அதே வாரம் கடலைமாவு வாங்கிக்கொடுத்தார்கள். 1975-இல் கடைக்கு வந்து 2020-இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்ட அந்தச் சிவப்பழகுக் கிரீம் ட்யூபை நான் சட்டமாய் எட்டு வருஷம் பிதுக்கியிருக்கிறேன். சங்க காலத்தில் வேர் நன்றாக இருந்தது என்பதை நம்புகிறேன். என் கண்ணாடிக்குள் அது இன்னும் வந்து சேரவில்லை.

மாமாமேல் கோபமும் இருக்கிறது, இல்லையும். அவரே கறுப்பு. ஊரில் எத்தனை பெண்களுக்கு அந்தப் பென்சிலை வைத்திருப்பார்! பெட்டிகளில் தேடினேன். அவர் படம் ஒன்றுகூட இல்லை.

புத்தூர் கலம்காரி | செவ்வாய் மதியம் 12.30

நானும் சித்தூர்தான், ஆனால் ஆந்திரச் சித்தூர். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. தமிழரை இளக்காரமாகச் சொல்லும் "அரவம்" என்ற தெலுங்குச் சொல்லால் எங்களையும் சொல்வார்கள், எல்லோரும் இல்லை, சிலர். பள்ளியில் நான் அம்மாவைத் தமிழில் கூப்பிடாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அதனால் கணவாய்க்காற்று எழுதியதைப் படித்தபோது என் கையும் நடுங்கியது.

காளஹஸ்தியில் கலம்காரி கற்றேன். அதில் கறுப்பு எப்படி வரும் தெரியுமா? துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைத்துக் காயப்போடுவோம். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் புளிக்க வைத்த கரைசல் தனியாக இருக்கும். பானையில் பார்த்தால் அது கறுப்பாகவே தெரியாது. கலம் என்கிற மூங்கில் பேனாவில் தொட்டுத் துணியில் இழுத்தால் கடுக்காய் பட்ட இடத்தில் அந்த நொடியே கறுத்துவிடும். முதலில் போடுவது அந்தக் கறுப்புக் கோடுதான். மற்ற நிறம் எல்லாம் அதற்குள்தான் போய் உட்காரும். ஆனால் பழைய வழக்கப்படி உள்ளே பெண்ணுக்கு மஞ்சள், சாமிக்கு நீலம், அரக்கருக்குச் சிவப்பும் பச்சையும். என்னை நானே வரைந்தபோது மஞ்சளை விட்டுவிட்டு அந்த இரும்புக் கரைசலையே தண்ணீராக்கி முகத்துக்குப் பூசினேன். கற்றுக்கொடுத்தவர் வேண்டாம் என்றார், இரும்பு நாளாக நாளாகத் துணியை அரிக்கும் என்று. சரிதான், கன்னத்தில் நூல் விட ஆரம்பித்திருக்கிறது. தைத்து வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு யோசனை. துடைக்கவும் வேண்டாம், அப்படியே பிரிண்ட் போடவும் வேண்டாம். உங்கள் மாமா வைத்த கோடுகளை மட்டும் தனியாக எடுத்து வெள்ளைத் தாளில் வரைந்து பாருங்களேன். அதே மாதிரிப் பென்சிலால், அதே இடத்தில்.

ட்ராயிங் மாஸ்டர் | செவ்வாய் மதியம் 12.50

இது நல்ல யோசனை. பெரிதாக்கி, லைட் பாக்ஸ் மேல் தாளை வைத்து ஒற்றி எடு. பெரிய தாளில் கெட்டியான பென்சில் மங்கலாக விழும், 2பி எடு. நிழல் போடும் பழக்கத்தில் கை தானாகச் சேர்த்துவிடும், அதை மட்டும் தடுத்துக்கொள். அவர் வைக்காத கோட்டை நீ வைக்காதே.

கணவாய்க்காற்று | மூன்று வாரம் கழித்து, சனி இரவு 10.15

எல்லோருக்கும் தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். துடைக்கவில்லை. நெகட்டிவை ஸ்கேன் எடுத்து, பழைய உறையை மாற்றிப் புது உறையில் போட்டுவிட்டேன்.

ஒற்றி வரையப் பதினாறு நாள் ஆனது. முதல் இரண்டு தாள் வீண். மாஸ்டர் சொன்னதுபோலவே கை தானாக மூக்கின் ஓரத்தில் நிழல் போட்டது. மூன்றாவது தாளில் மாமாவின் கோட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. கோடுகளுக்குள்ளே போகப் போக அவர் வேலை செய்த வரிசை பிடிபட்டது. நெற்றியில் கோடுகள் நிதானமாக, ஒரே திசையில் இருக்கின்றன. கண்ணுக்குக் கீழே ரொம்ப மெல்லியவை. தாடைக்கு வரும்போது அவசரம், ஒன்றன்மேல் ஒன்று. விளக்கு வைத்துவிட்டார்களோ, மாப்பிள்ளை வீட்டார் கேட்டு அனுப்பினார்களோ, தெரியாது.

முடிந்த பிறகு தாளைச் சுவரில் குத்தி வைத்துத் தள்ளி நின்று பார்த்தேன். புருவம் இல்லை, கருவிழி இல்லை, பொட்டு இல்லை, கூந்தல் இல்லை. அங்கெல்லாம் மாமா பென்சில் வைக்கவில்லை, தாள் வெறுமையாக இருக்கிறது. நெற்றியும் கன்னமும் மூக்கும் தாடையும் மட்டும் அடர்ந்த கறுப்பு. வெளுக்க வைத்த கோடு அத்தனையும் சேர்ந்து ஒரு கறுத்த முகமாக நிற்கிறது. அம்மாதான். யாருக்கும் சந்தேகம் வராது.

டார்க்ரூம் ஐயா, ஃபிலிம் இழுத்தது ஒரு பக்கம், அண்ணன் இழுத்தது ஒரு பக்கம் என்றீர்களே, அதை வரையும்போது நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த ஃபிலிம் இன்னும் கொஞ்சம் கறுப்பாகக் காட்டியிருந்தால் மாமா இன்னும் அதிகமாகப் பென்சில் வைத்திருப்பார், என் தாளில் அம்மா இன்னும் கறுத்திருப்பாள்.

அம்மாவுக்கு இதைக் காட்டப் பயமாக இருந்தது. கூடத்துப் படம் பென்சில் வைத்த படம் என்று அவளுக்குத் தெரியுமா என்பதே எனக்குத் தெரியாது. நேற்று மத்தியானம் அவளாகவே அறைக்குள் வந்துவிட்டாள். ரொம்ப நேரம் நின்றாள். "அண்ணன் வேலைதானே இது" என்றாள். தெரிந்திருக்கிறது. ராத்திரி முழுக்க விளக்கு எரிந்ததாம். காலையில் படத்தைக் கையில் கொடுத்துவிட்டு அவர் இவள் முகத்தைப் பார்க்கவே இல்லையாம். அப்பாவைக் கட்டிக்கொண்டு போன அன்று, மாமியார் வீட்டில் ஒரு பெரியம்மா படத்தை எடுத்து வந்து இவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாராம். இத்தனை வருஷமாக அம்மா இதை என்னிடம் சொன்னதில்லை. வெயிலில் போகாதே, பவுடர் போடு, கறுப்பு ஜாக்கெட் எடுக்காதே என்று என்னிடம் சொன்னதெல்லாம் அந்தப் பெரியம்மாவின் கையிலிருந்து வந்திருக்கிறது.

அப்புறம் தாளைப் பார்த்து, "கையை எங்க கண்ணு காணோம்?" என்றாள்.

கூடத்துப் படத்தில் அம்மாவின் இரண்டு கையும் மடியில் இருக்கும். மாமா முகத்துக்கு மட்டும்தான் பென்சில் வைத்திருக்கிறார், கையை விட்டுவிட்டார். நாற்பத்தெட்டு வயது வரை தினமும் பார்த்த படத்தில் அந்தக் கை கறுப்பாகவே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

கைக்கு ஒற்றி எடுக்கக் கோடு கிடையாது. பார்த்துத்தான் வரைய வேண்டும். இன்று மதியம் சாப்பிட்டதும் அம்மா ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, மடியில் கையை வைத்து உட்கார்ந்தாள். அரை மணி நேரம்தான் தாங்கினாள், இடுப்பு வலி. நாளைக்கும் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இடது கைக் கட்டைவிரலும் பாதி மணிக்கட்டும் ஆகியிருக்கிறது.

டார்க்ரூம் பழசு | சனி இரவு 11.20

ஜன்னல் கிழக்கா மேற்கா? மேற்கு என்றால் மூன்று மணிக்கு மேல் உட்கார வை. தோல் நன்றாகத் தெரியும்.